ஸ்ரெல்லாவின் தூள் போத்தல்

பிஸ்கற் தின்று மனிதனுக்கு வருத்தம் வரும் என்று சந்தியோகுவுக்கு அறுபது வயது கடந்தும் யாரும் சொல்லவில்லை. கடலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. எந்தப் பாறை வள்ளத்தின் அடியைக் கிழிக்கும், எந்த மேகம் சும்மா வெருட்டிவிட்டுப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் மினுங்குகிற கடதாசிக்குள்ளிருந்து ஆபத்து வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்? எங்கள் சனம் வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோவதே பிஸ்கற் பெட்டிதானே. காய்ச்சல் என்றால் மாரி பிஸ்கற். ஒப்பரேசன் என்றால் கிறீம் கிறாக்கரும் கூடவே ஒரு போத்தல் மால்ற் மாவும். வந்தவர் அதை மேசையில் வைத்துவிட்டு, கதிரை நுனியில் குந்தியிருந்து, "இப்ப எப்பிடி, சுகமோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிவிடுவார். வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை உடைக்காமல் வைத்திருந்து அடுத்த வருத்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவார். யாழ்ப்பாணத்தில் சில பிஸ்கற் பெட்டிகள் மனிதரைவிடக் கூடுதலாக ஊர் சுற்றியிருக்கும்.

போன வருடம் தவக்காலத்தில் சந்தியோகுவின் மனைவி ஸ்ரெல்லா நித்திரையிலேயே போய்விட்டாள். செத்தவீட்டுக்கு வந்த கரையோரக் குருநகர்ச் சனம் பிற்பாடும் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. பிறகு கிளினிக்கில் அவருடைய இரத்தத்தைச் சோதித்துக் கொலஸ்ரோல் அளவுக்கு மிஞ்சிக் கூட என்று சொன்னார்கள். அந்தக் கதை தெருவுக்குள் போனதும் இன்னொரு தொகைப் பெட்டிகள் வந்து இறங்கின. ஸ்ரெல்லாவின் அலுமாரித் தட்டுகள் கடைத்தட்டுகளாகிவிட்டன.

"கொழுப்புச் சாப்பாட்டைக் குறையுங்கோ. மூண்டு மாதத்தாலை திருப்பிச் சோதிப்பம்" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டிருந்தார்கள். சந்தியோகு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மீனில் கொழுப்பு, ஆகவே மீனை விட்டார். தேங்காயை விட்டார், முட்டையை விட்டார். சமையலையே விட்டார் என்று சொல்வதுதான் சரி. காலையில் மால்ற் கரைத்துக் கிறீம் கிறாக்கர். மத்தியானம் பக்கற் நூடில்ஸ். இரவில் பாணுக்கு மாஜரின் பூசி, கடையில் வாங்கின கோழி சோசேஜ் இரண்டு. மாஜரின் டப்பாவில் 'கொலஸ்ரோல் அற்றது' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூசினார். தவக்காலத்தில் சுவாமிமார்கூட இவ்வளவு ஒறுத்தல் செய்திருக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அவர் அப்படிக் கட்டுப்பாடாக இருந்ததற்குக் காரணம் மகள் லவீனா. நீர்கொழும்பில் கலியாணம் கட்டி, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவள் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, சோதனையிலை இறங்காட்டி நான் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன். தனிய விட்டிட்டு என்னாலை நித்திரை கொள்ளேலாது. வீட்டைப் பூட்டுவம்."

நீர்கொழும்பிலும் கடல் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, மீன் இருக்கிறது. மகளும் தங்கமான பிள்ளை, மருமகனும் மரியாதை தெரிந்த பெடியன். ஆனால் அங்கே ஸ்ரெல்லாவின் அடுப்படி இல்லை. அடுப்படித் தட்டில், அந்தோனியாரின் மரச் சுருவத்துக்குப் பக்கத்தில், அவளுடைய தூள் போத்தலும் இல்லை.

அது ஒரு பழைய மால்ற் போத்தல். அதற்குள் முக்கால்வாசிக்குக் கறித்தூள். ஸ்ரெல்லா சாவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறுக்கு வேண்டும் என்று வறுத்து இடித்தது. செத்தவீட்டுச் சமையலுக்குக்கூட அவர் அதைத் தொட விடவில்லை. கோயிலில் அந்திமணி அடித்ததும் அடுப்படிக்குள் போவார், மூடியைத் திறந்து ஒருதரம் மணந்து பார்ப்பார், மூடிவிட்டு வருவார். அது அவருடைய செபம்.

அந்தத் தூளின் கதையைச் சொல்லவேண்டும்.

சண்டையால் இடம்பெயர்ந்து மிருசுவிலில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் இருந்த காலம். கடலுக்குப் போகத் தடை. கடல் தெரிந்த மனிதனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டால் அவன் என்னதான் செய்வான்? சந்தியோகு கள்ளுக் குடித்தார். காலையிலும் குடித்தார், மத்தியானமும் குடித்தார். அந்த நேரம் ஸ்ரெல்லாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து சுகமாகி மாறியது. மாறின பிறகு அவள் ஒருநாள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, காய்ச்சலோடை எனக்கு மணம் போட்டுது. ஒண்டும் தெரியுதில்லை. தூள் வறுக்கப்போறன், பக்கத்திலை இருந்து மணந்து சொல்லுங்கோ. இல்லாட்டிக் கருகிப்போம்."

அவளாகவே அவர் இருக்க ஒரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு அதில் இருந்தார். மல்லியை வறுத்து, "வந்திட்டுதோ?" என்றாள். "இன்னும் பச்சை மணம்" என்றார். பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகத் தாச்சியில் விழுந்தது. கடைசியில் செத்தல் மிளகாய் வறுபட்டபோது இரண்டு பேரும் இருமி, கண்ணீர் வடித்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கைக்குழந்தையாக இருந்த லவீனா பாயில் கிடந்து தும்மினாள். அன்றைக்கு அவர் கள்ளுக்குப் போகவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. மாதத்தில் ஒருநாள் தூள் வறுக்கிற நாள் வரும். பலகைக்கட்டை வரும். அவர் மூக்கால் சொல்லுவார், அவள் இறக்குவாள். "என்ரை மனிசிக்கு நான்தான் மூக்கு" என்று கரையில் சொல்லித் திரிவார். ஒரு விசயம் மட்டும் அவருக்கு விளங்குவதில்லை. தூள் மணம் தெரியாதவளுக்குக் கள்ளு மணம் மட்டும் தெருப் படலையடியிலேயே தெரிந்துவிடும். சில வருத்தம் அப்படி ஒரு பக்கமாகத்தான் வரும்போல என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். பாஸ்பண்ணப் போகிற பிள்ளை மாதிரி வாங்கில் இருந்தார். தக்சாயினி என்ற இளம் டொக்டர் றிப்போட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஐயா, கொலஸ்ரோல் முந்தினதைவிடக் கூடியிருக்கு."

சந்தியோகு தலையை ஆட்டினார். "இருக்காது டொக்டர். ஆரின்ரையோ இரத்தத்தை மாறிப் பாத்திட்டினம்."

"நேற்று என்னென்ன சாப்பிட்டியள்? காலமையிலை இருந்து சொல்லுங்கோ."

அவர் ஒன்றும் விடாமல், பெருமை குறையாமல் சொன்னார். கிறீம் கிறாக்கரில் தொடங்கிச் சோசேஜ்வரைக்கும் வந்தபோது டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மீன்?"

"அதிலை கொழுப்பெல்லோ? தொடவே இல்லை."

"குருநகரிலை இருந்துகொண்டு மீனை விட்டிட்டுச் சோசேஜ் சாப்பிட்ட ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள் அவள். சிரிப்பை அடக்கியதும் தெரிந்தது, கவலைப்பட்டதும் தெரிந்தது. "ஐயா, டப்பாவிலை கொலஸ்ரோல் இல்லை எண்டு எழுதினது பொய்யில்லை. ஆனா இந்தப் பக்கற் சாமான்களுக்குள்ளை பாம் எண்ணெயும் சீனியும் உப்பும் வெள்ளை மாவும்தான் கூட. கொலஸ்ரோலை உங்கடை உடம்பே உண்டாக்குது. இதுகள் அதைக் கூட்டிவிடும். இனிப் பக்கற்றைத் திருப்பி வாசியுங்கோ. உங்கடை அடுப்படியிலை இல்லாத சாமான்ரை பேர் நிறையக் கிடந்தா வாங்காதேங்கோ."

"அப்ப நான் என்னத்தைத் தின்னுறது, பிள்ளை?"

"தவிடு போகாத அரிசிச் சோறு, குரக்கன், பயறு, பருப்பு, முருங்கையிலை, கீரை. சூடை மீன் நல்லது, ஆனா பொரிக்காமல் குழம்பு வையுங்கோ. தேங்காய்ப்பாலைக் குறையுங்கோ. புதுசா ஒண்டுமில்லை ஐயா, உங்கடை வீட்டிலை அம்மா முந்திச் சமைச்சுத் தந்த மாதிரித்தான். அடுத்த முறையும் இறங்காட்டிக் குளிசை தொடங்கவேணும்."

"மனிசி இல்லை, டொக்டர். போட்டா."

அவள் றிப்போட்டை மடித்து அவரிடம் நீட்டினாள். பிறகு மெதுவாக, "அப்ப நீங்கள் சமையுங்கோ, ஐயா" என்றாள்.

லவீனா அழுதாள், ஏசினாள், பஸ்ஸுக்கு புக் பண்ணுகிறேன் என்றாள். சந்தியோகு கெஞ்சி இன்னும் ஒரு தவணை வாங்கினார். "அடுத்த சோதனைவரைக்கும் பொறு, பிள்ளை. அதிலும் இறங்காட்டி நானே சாமானைக் கட்டிக்கொண்டு வாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெட்டிகள் எல்லாவற்றையும் அலுமாரியால் இறக்கினார். யாருக்குக் கொடுப்பது? வருத்தக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் உடைத்து வளவுக்குள் திரிந்த கோழிகளுக்குப் போட்டார். அதுகள் மால்ற் மாவை மட்டும் மணந்துபார்த்துவிட்டு விட்டுவிட்டன.

அடுத்தநாள், அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கனிசியஸ், விடியச் சூடை மீன் கொண்டுவந்து கொடுத்தான். சந்தியோகு சுத்தமாகக் கழுவி, பழப்புளி கரைத்து, வெங்காயம் அரிந்து, கடையில் வாங்கின பக்கற் தூளைப் போட்டுக் குழம்பு வைத்தார். குழம்பு நல்ல சிவப்பாக வந்தது. சிவப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வாய் வைத்தார், மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பின்னேரம் கால்கள் தாமாகவே கடைப்பக்கம் போய், கை தானாகவே ஒரு கிறீம் கிறாக்கர் பக்கற்றை எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அதை உடைக்கப்போகும் நேரம் அந்திமணி அடித்தது. வழக்கம்போல அடுப்படிக்குள் போய்ப் போத்தலைத் திறந்தார்.

கனிசியஸ் தூண்டிற்கயிறு வாங்க வந்தவன் வாசலில் நின்று பார்த்துவிட்டான். அவன் வாயில் எதுவும் நிற்காது.

"அண்ணை, நாளாந்தம் உதைத் திறந்தா மணம் போத்தலுக்கையோ இருக்கும்? காத்தோடை போயிடும். அக்கா உதைக் காத்துக்கோ இடிச்சவா? நீங்கள் தின்னத்தானே இடிச்சவா."

"நீ உன்ரை வேலையைப் பார்."

"நான் பாக்கிறன். நீங்கள் நீர்கொழும்புக்குப் போற நேரம் உதை மடியிலை வைச்சுக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

சந்தியோகு மறுபடி மணந்து பார்த்தார். பொய் சொல்லக்கூடாது, மணம் குறைந்துதான் இருந்தது. முன்னர் மூடியைத் திறந்ததும் அடுப்படி முழுக்க அவள் வந்து நிற்பாள். இப்போது மூக்கை உள்ளே விட்டுத் தேடவேண்டியிருந்தது. மூடியை இறுக்கித் திருகினார். தொடாமல் வைத்திருந்தாலும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்தநாள் குழம்பு கொதித்து வரும்போது போத்தலை எடுத்தார். அந்தோனியாரைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கரண்டி தூளைத் தட்டிப் போட்டுச் சட்டியை மூடினார்.

மூடியைத் திறந்தபோது எழும்பின ஆவியோடு மிருசுவில் கொட்டில் வந்தது. பாயில் கிடந்து தும்மின பிள்ளை வந்தது. கண்ணீரும் சிரிப்புமாக ஸ்ரெல்லா வந்தாள். நாட்டரிசிச் சோற்றில் குழம்பை விட்டு, முருங்கையிலை வறையும் பயற்றங்கறியும் வைத்துப் பிசைந்து வாயில் வைத்தார். பிறகு அழுதார். ஒரு வருடமாகச் செத்தவீட்டிலும் கல்லறையிலும் வராத அழுகை, சோற்றுக்கோப்பைக்கு முன்னால் வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டார். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சமையல் பாரமாக இல்லை. கைக்குத் தெரியாததை நாக்கு சொல்லிக்கொடுத்தது. காலையில் குரக்கன் பிட்டு, ஒருநாள் கஞ்சி, ஒருநாள் அவித்த கௌபி. தேங்காயைத் திருவிக் கொஞ்சமாகத் தூவினால் போதும் என்று கண்டுபிடித்தார். கனிசியஸ் மத்தியானங்களில் தற்செயலாக வருவதுபோல வரத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தார்கள். வேர்வை வழிய வழியக் குடித்த கனிசியஸ், "அக்காவின்ரை கைதான்" என்றான். சந்தியோகுவுக்கு அது போதும்.

ஆனால் போத்தலுக்குள் தூள் இறங்கிக்கொண்டே வந்தது. கரண்டியை அரைக்கரண்டியாக்கினார். அதையும் குறைத்தார். இரத்தத்தில் கொலஸ்ரோல் இறங்கினால் வீட்டில் இருக்கலாம். அது இறங்கவேண்டுமானால் தூளும் இறங்கவேண்டும். எதற்கு மன்றாடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து மன்றாடினார்.

சோதனை நாள் வந்தது. றிப்போட்டைப் பார்த்த டொக்டர் தக்சாயினி வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா இறங்கியிருக்கு, ஐயா. குளிசை இப்ப தேவையில்லை. இப்பிடியே சமைச்சுச் சாப்பிடுங்கோ. ஆர் சமைச்சது?"

"மனிசியும் நானும்" என்றார். அவள் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் போத்தலைக் கவிழ்த்துத் தட்டி, விரலால் வழித்துக் கடைசித் தூளைக் குழம்பில் போட்டார். பின்னேரம் லவீனாவுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தார். றிப்போட்டைக் கேட்டதும் அவள் கைதட்டினாள்.

"சரி அப்பா, நீங்கள் வெண்டிட்டியள். வீட்டிலையே இருங்கோ. ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

அவர் வெறும் போத்தலைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். "அம்மாவின்ரை தூள் முடிஞ்சுது, பிள்ளை. இனி இல்லை."

"வறுப்பம் அப்பா. சாமான் அளவெல்லாம் எனக்குத் தெரியும், அம்மா சொல்லித் தந்தவா. வறுக்கிற பதம்தான் எனக்கு வராது. அது உங்களுக்குத் தெரியுந்தானே."

"எனக்கென்ன தெரியும்? மணம் மட்டும் சொல்லுவன். அதுவும் பாவம், அவவுக்கு மணம் தெரியாதபடியாத்தானே."

லவீனா கமராவுக்குக் கிட்ட வந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா... அம்மாவுக்கு மணம் தெரியாதெண்டு உண்மையா நம்பினனீங்களோ? பக்கத்து வீட்டிலை பால் அடிப்பிடிச்சாலே முதல் சொல்லுறது அம்மாதானே. நீங்கள் கள்ளுக் குடிச்சிட்டு வந்தாப் படலையடியிலை பிடிக்கிறது ஆர்?"

சந்தியோகு போத்தலை மேசையில் வைத்தார்.

"நான் பெரிசான பிறகு ஒருநாள் கேட்டனான். 'உவரைப் பக்கத்திலை இருத்த எனக்கு வேறை வழி தெரியேல்லையடி. பேந்து அது பழகிப்போச்சு, அவர் இல்லாமல் வறுக்க மனம் வராது' எண்டவா."

அடுப்படி மூலையில் கிடந்த பலகைக்கட்டையை அவர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடமாகத் தான் அவளுக்கு மூக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். அவளுக்கு மூக்குத் தேவைப்படவில்லை. அவர்தான் தேவைப்பட்டார். கோபம் வரும்போல இருந்தது, வரவில்லை. அவள் இப்போது முன்னால் நின்றால், "கள்ளி!" என்று ஏசிவிட்டு, அந்தப் பலகைக்கட்டையை விட்டு எழும்பியே இருக்க மாட்டார்.

சனிக்கிழமை சந்தைக்குப் போய் லவீனா சொன்ன அளவுக்குச் சாமான் வாங்கி, கழுவி வெயிலில் காயவைத்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்து அடுப்பை மூட்டினார். தாச்சியை ஏற்றி, மல்லியைக் கொட்டிக் கிளறினார். தொலைபேசியை அந்தோனியார் சுருவத்தில் சாத்திவைத்து மகளுக்கு அழைப்பு எடுத்தார். அவள் சமையலறையில் ஈரக்கையோடு ஓடிவந்து முகத்தைக் காட்டினாள்.

"என்னப்பா?"

"தூள் வறுக்கிறன், பிள்ளை. எனக்கு இப்ப மணம் வடிவாத் தெரியிறேல்லை. வயசு போட்டுதெல்லோ. கொஞ்சம் மணந்து சொல்லு. வருதோ?"

தொலைபேசிக்குள் நீர்கொழும்புக்கு எப்படி மணம் போகும் என்று லவீனா கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்ரூலை இழுத்துப்போட்டு இருந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஓம் அப்பா, வருது."

"இறக்கட்டோ?"

மல்லி சரியான பதத்துக்கு வந்துவிட்டது என்று சந்தியோகுவுக்கு நன்றாகத் தெரியும். விறகை முன்னமே வெளியில் இழுத்து, தாச்சியையும் கீழே இறக்கிவைத்துவிட்டார்.

"இல்லையப்பா, இன்னும் பச்சை மணம்" என்றாள் லவீனா. "அவசரப்படாதேங்கோ. கொஞ்சம் இருங்கோ."

"சரி, இருக்கிறன்" என்று சொல்லி, அவர் பலகைக்கட்டையில் வசதியாக இருந்துகொண்டு, ஆறிக்கொண்டிருந்த மல்லியைச் சும்மா கிளறினார்.